தேதித் தாளில் மடித்த திருநீறு

அன்பான கண்ணு,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்ட கேள்விக்கு, "அடுப்புல சோறு கொதிக்குது, அப்புறம் பேசறேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். சோறு கொதிக்கவில்லை. பதினோரு மணிக்கே வடித்தாகிவிட்டது. உன் மகள் பாப்பாவை ஏற்காட்டில் ஹாஸ்டலில் சேர்க்கலாமா என்று கேட்டாய். கல்யாணப் பட்டு எடுத்ததிலிருந்து போன வருடம் வேலையை விட்டது வரைக்கும் நீ எதையும் என்னைக் கேட்டுச் செய்தவள் இல்லை. அதனால் முதலில் உன் கேள்வியின் மேலேயே எனக்குச் சந்தேகம் வந்தது. முடிவைச் செய்துவிட்டு, பின்னால் ஏதாவது ஆனால் "அம்மாவும் சரின்னுதான் சொன்னாங்க" என்று சொல்ல ஒரு ஆள் தேடுகிறாயோ என்று நினைத்தேன். அதோடு விட்டிருந்தால் நானும் ஏதோ ஒரு பதிலைச் சொல்லியிருப்பேன். ஆனால் நீ பேச்சோடு பேச்சாக இன்னொன்றும் சொன்னாய். "அங்க ஒரு டீச்சர் எனக்குத் தெரிஞ்சவங்கம்மா. பாப்பா யாரோட சேர்றா, என்ன பேசறான்னு வாரா வாரம் எனக்குத் தனியாச் சொல்லிருவாங்க. அவளுக்குத் தெரியாது." சொல்லிவிட்டுச் சிரித்தாய். அந்தச் சிரிப்பு எனக்கு நன்றாகத் தெரியும். அது என்னுடையது. அதைக் கேட்டுத்தான் போனை வைத்தேன். அதனால்தான் பேனாவை எடுத்திருக்கிறேன்.

நான் பள்ளிக்கூட வாசலை மிதித்தவள் இல்லை என்பது உனக்குத் தெரியும். எஸ்டேட்டில் ரைட்டர் வேலை பார்த்த உன் அப்பா, ஆட்களின் பெயரெழுதும் பேரேட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து பிரதி எடுப்பார். பக்கத்தில் உட்கார்ந்து, ராமசாமி என்று அவர் எழுதும்போது அது எப்படி இருக்கிறது, பாப்பாத்தி என்று எழுதும்போது எப்படி இருக்கிறது என்று பார்த்துப் பார்த்து எழுத்தைப் பிடித்தேன். அப்படி வந்த படிப்பு என்பதால் எதையும் நான் சும்மா படித்ததில்லை, சரிபார்க்கத்தான் படித்தேன். பால் எத்தனை படி வந்தது, எந்தக் கோழி எத்தனை முட்டை வைத்தது, யார் எதை வாங்கிப்போய்த் திருப்பித் தரவில்லை என்று எல்லாம் என் நோட்டில் இருக்கும். எழுதி வைக்காத எதையும் நான் நம்பியதில்லை. எழுதி வைத்ததையும் இரண்டாம் தடவை பார்த்தபிறகுதான் நம்புவேன். இப்படிப்பட்டவளின் வயிற்றில் நீ ஒரே பிள்ளையாகப் பிறந்தது உன் நேரம்.

நீ எட்டாவது முடித்தபோது நம் ஊர் தலைச்சோலையில் இருந்து மேலே படிக்க வழியில்லை. காலையில் ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ். மழை பிடித்தால் இரண்டும் இல்லை. உன் அப்பா ஒருநாள் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே சொன்னார்: "அம்மணிய ஏற்காட்டுல கன்னியாஸ்திரீங்க நடத்தற பள்ளிக்கூடத்துல சேத்துப்போடலாம். அங்கயே தங்கிப் படிக்கட்டும்."

"ஏனுங்க, வயசுக்கு வந்த புள்ளைய யாரோ ஊட்ல விட்டுப்போட்டு எனக்குத் தூக்கம் வருமுங்களா?"

"யாரோ ஊடு இல்ல, பள்ளிக்கூடம். அவ இங்க இருந்தாலும் உனக்குத் தூக்கம் வராது, போ."

நான் இரண்டு நாள் அந்தப் பள்ளிக்கூடத்தைப் பற்றி விசாரித்தேன். மூன்றாம் நாள் நேரில் போய்ப் பார்த்தேன். நெற்றியில் திருநீறு வைக்கலாமா என்று அங்கிருந்த பெரிய சிஸ்டரிடம் கேட்டேன். "தாராளமா வைக்கலாம்மா" என்றார்கள். முடியாது என்று சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். இவ்வளவு சுலபமாகச் சரி என்றது எனக்கு இன்னும் சந்தேகமாகப் போய்விட்டது.

பெட்டி அடுக்கிய அன்று, அவர்கள் கொடுத்த பட்டியலில் இல்லாத ஒன்றை நான் சேர்த்தேன். சுவரில் தொங்கிய தினசரி காலண்டரில் அடுத்த முப்பது நாளுக்கான தாள்களை முன்கூட்டியே கிழித்து, ஒவ்வொன்றிலும் சேர்வராயன் கோயில் திருநீறு ஒரு சிட்டிகை வைத்து மடித்தேன். அந்தந்தத் தேதிப் பொட்டலத்தை அன்றன்றைக்குப் பிரித்துப் பூசிக்கொண்டு, வெறும் தாளை நூலில் கோத்து வைத்து, மாதம் ஒருமுறை பெற்றோர் பார்க்க வரும் ஞாயிற்றுக்கிழமையில் என்னிடம் தர வேண்டும். "சாமி உனக்குத் துணைக்கு இருக்கும் கண்ணு" என்று சொன்னேன். உண்மையில் நான் சாமியைக் காவலுக்குத்தான் வைத்தேன். நீ போன மறுநாள் உன் அப்பா காலண்டர் முன்னால் நின்றுகொண்டு, "ஏ புள்ள, இதுல அடுத்த மாசம் ஓடுது. நான் இன்னைக்கி வேலைக்கிப் போகோணுமா வேண்டாமா?" என்று கேட்டார். அந்த வருடம் முழுக்க எங்கள் வீட்டில் தேதி தெரியாமலேதான் வாழ்ந்தோம்.

முதல் லீவுக்கு நீ வந்தாயே, அப்போதுதான் என் சந்தேகம் வேர் பிடித்தது. பதின்மூன்று வயது வரை தலையை என் மடியில் போட்டுப் பின்னிக்கொண்டவள், ரெட்டைச் சடையை நீயே பின்னி மடித்து ரிப்பன் கட்டிக்கொண்டு பஸ்ஸை விட்டு இறங்கினாய். சாப்பிட்ட தட்டை நீயே கழுவினாய். படுக்கையைச் சுருக்கமே இல்லாமல் மடித்து வைத்தாய். நான் தண்ணீர் கொடுத்தால் "தேங்க்ஸ்மா" என்றாய். பெற்ற தாய்க்கு யாராவது நன்றி சொல்வார்களா? விருந்தாளி சொல்வது அது. இதையெல்லாம் பார்த்து ஒரு நல்ல தாய் சந்தோஷப்பட்டிருப்பாள். நான், இவ்வளவு ஒழுங்கு எதை மறைப்பதற்கு என்று யோசித்தேன். நீ குளிக்கப் போன நேரத்தில் அந்தச் சுருக்கமில்லாத படுக்கையைப் பிரித்து உதறினேன். ஒன்றும் விழவில்லை. அதே மாதிரி மடிக்க எனக்குத் தெரியவில்லை. திரும்பி வந்து பார்த்த நீ ஒரு வார்த்தை கேட்காமல் மறுபடி மடித்து வைத்தாய்.

மேஸ்திரி சம்சாரம் ராஜாமணி வேறு வந்து உட்கார்ந்துகொண்டாள். "ஏனுங்கக்கா, அங்க போற புள்ளைங்க ஆறே மாசத்துல ஆளே மாறிப்போயிருமாமுங்க. பொறந்த ஊட்டையே லாட்ஜ் மாதிரி பாக்குமாமுங்க. உங்க புள்ள நொம்ப அடக்கமாத்தான் இருக்குது..." என்று அந்தக் கடைசி வார்த்தையை இழுத்தாள். நீ உள்ளேயிருந்து, "அடக்கம் இல்லீங்க சின்னம்மா, பசி. அம்மா எப்ப சோறு போடுவாங்கன்னு பாத்துட்டு இருக்கறேன்" என்றாய். ராஜாமணி சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இப்படிப் பட்டென்று பேச யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

தாள்கள் மட்டும் மாதா மாதம் ஒன்று குறையாமல் வந்தன. தேதி வரிசை மாறாமல், ஓரம் மடங்காமல், நூலில் கோத்து. அந்த ஒழுங்குதான் என்னைக் கெடுத்தது. முப்பது நாளில் ஒருநாள்கூட ஒரு பிள்ளை மறக்காதா? ஒரே நாளில் முப்பதையும் கொட்டிவிட்டுத் தாளைக் கட்டித் தருகிறாய் என்று என் மனதுக்குள் முடிவாகிவிட்டது. இனி எழுதப்போவதை நான் யாரிடமும் சொன்னதில்லை. எல்லாம் எழுதிய நோட்டில்கூட இது இல்லை. அடுத்த மாதப் பொட்டலங்களில், கிருத்திகைத் தேதிப் பொட்டலத்தில் மட்டும் திருநீறு வைக்காமல் அரிசி மாவு வைத்து மடித்தேன். பிரித்துப் பூசுகிறவளாக இருந்தால் விரல் பட்டதும் தெரிந்துவிடும். தெரிந்தால் "ஏனுங்மா, மாவு வந்துருச்சு" என்று என்னிடம் சொல்வாய். சொல்லாவிட்டால் நீ பிரிக்கவே இல்லை என்று பொருள். விரதம் இருக்கிற நாளுக்கென்று, முருகன் பெயரைச் சொல்லிக்கொண்டே, சாமிக்கும் பிள்ளைக்கும் நடுவில் அரிசி மாவை வைத்தேன். மடிப்பு ஒரு நூல்கூடக் கோணவில்லை. அதுதான் இப்போது நினைத்தால் பயமாக இருக்கிறது.

அதோடு நிற்கவில்லை. உன் அப்பா எழுதிய பழைய லீவு லெட்டரைப் பார்த்து, முதன்முதலாக என் கைப்பட ஒரு விண்ணப்பம் எழுதினேன். குடும்பச் சூழ்நிலை காரணமாக என் மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்திக்கொள்கிறேன், டி.சி. தரவும் என்று. மூன்று தாள் வீணாகி நாலாவது சரியாக வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை நீ மாவைப் பற்றிச் சொல்லாவிட்டால் அதைக் கொடுத்துவிட்டு, சாயங்கால பஸ்ஸில் உன்னையும் பெட்டியையும் ஏற்றிக்கொண்டு வந்துவிடுவது. அதற்குப் பிறகு உனக்குப் படிப்பு இல்லை. உன் படிப்பு மொத்தமும் அன்று என் பைக்குள், வெல்லம் போட்டுச் சுட்ட கச்சாயப் பொட்டலத்துக்கும் முறுக்கு டப்பாவுக்கும் நடுவில் இருந்தது. காப்பிப் பழம் பறிக்கிற சமயம் என்பதால் உன் அப்பா வரவில்லை. அவருக்கு இது தெரியாது. கடைசி மூச்சு வரை தெரியாது. உனக்கும் இந்த வரியைப் படிக்கிற வரைக்கும் தெரியாது.

பள்ளி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தோம். நீ கச்சாயத்தைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு தாள் கட்டை என் மடியில் வைத்தாய். கிருத்திகைத் தாள் அதன் இடத்தில் இருந்தது.

"எல்லா நாளும் பூசினயா கண்ணு?"

"பூசினனுங்மா."

"எல்லாம் எப்பவும் போலத்தான் இருந்துச்சா?"

நீ மென்றுகொண்டிருந்ததை விழுங்கினாய். அந்தத் தாளைப் பார்த்தாய். "எப்பவும் போலத்தாங்மா இருந்துச்சு" என்றாய்.

நான் எழுந்துவிட்டேன். சிஸ்டரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று உன்னை அங்கேயே உட்காரச் சொன்னேன். பெரிய சிஸ்டர் என் விண்ணப்பத்தை இரண்டு முறை படித்தார்கள். "என்னம்மா சூழ்நிலை?" என்று கேட்டார்கள். "புள்ள பொய் பேசப் பழகிட்டாளுங்க" என்றேன். "அப்படியா? என்ன பொய்?" என்றார்கள். கண்ணு, உன் பொய்யைச் சொல்ல வேண்டுமென்றால் என் மாவைச் சொல்ல வேண்டும். திருநீறு என்று பெயர் சொல்லிக் கிருத்திகைக்குப் பிள்ளைக்கு அரிசி மாவு அனுப்பினேன் என்று, கழுத்தில் சிலுவை போட்ட ஒரு அம்மாவிடம் நான் எப்படிச் சொல்வேன்? அவர்கள் விண்ணப்பத்தை மேஜைமேல் வைத்து, "நான் பிள்ளைங்க சாப்பாட்டைப் பார்த்துட்டு வர்றேன். நீங்க யோசிச்சு வைங்க" என்று வெளியே போனார்கள்.

நான் திரும்பி வந்து, நின்றபடியே உன்னிடம் கேட்டேன். "கிருத்திகை அன்னைக்கி நெத்தியில என்ன பூசினே?"

நீ என்னை ஏறிட்டுப் பார்த்தாய். "அரிசி மாவுங்மா."

"தெரியுமா?"

"பிரிச்சதும் தெரிஞ்சுதுங்மா. ஒட்டலே. தண்ணி தொட்டுக் குழைச்சு வெச்சேன். கிளாஸ்ல காஞ்சு உதுந்துட்டே இருந்துச்சு. தோசைக்கு மாவு தேய்க்கறயான்னு புள்ளைங்க கேலி பண்ணுச்சுங்க."

"அப்புறம் ஏன் துடைக்கலே?"

"நீங்க அனுப்புனதாச்சே."

நான் உன் பக்கத்தில் உட்கார்ந்தேன். "இப்ப கேட்டப்ப ஏன் மறைச்சே?"

"நீங்க தெரிஞ்சுதான் வெச்சீங்கன்னு எனக்கு அன்னைக்கே தெரியுமுங்மா. சொன்னா உங்களுக்குச் சங்கட்டமா இருக்குமேன்னு விட்டுட்டேன்." பிறகு தாள் கட்டை என் கையிலிருந்து எடுத்து, நூலைச் சுற்றிக்கொண்டே சொன்னாய்: "இனிமே பொட்டலம் வேண்டாங்மா. ஒரு டப்பாவுல மொத்தமாக் குடுத்துருங்க. பூசினயான்னு கேக்காதீங்க. கேட்டா நான் பூசறது சாமிக்கா உங்களுக்கான்னு எனக்கே தெரிய மாட்டேங்குது."

பதினான்கு வயது முடியாத பிள்ளை பேசிய பேச்சு அது. நான் மறுபடி அந்த அறைக்குள் போய், மேஜைமேல் இருந்த விண்ணப்பத்தை எடுத்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, சிஸ்டர் வருவதற்குள் வெளியே வந்தேன். உன்மேல் நம்பிக்கை வந்துவிட்டது என்று நினைக்காதே. பஸ்ஸில் வரும்போதே, இப்படிப் பேச இவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தது என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டேன். விண்ணப்பத்தை எடுத்தது வெட்கத்தால்தான். நீ படித்துப் பெரிய ஆளானது என் வெட்கத்தின் புண்ணியம். அடுத்த மாதம் டப்பா கொடுத்தேன். பூசினாயா என்று அதன்பிறகு கேட்டதில்லை. லீவுக்கு வரும்போதெல்லாம் நெற்றியை மட்டும் பார்ப்பேன். நீயும் நான் பார்க்கட்டும் என்று இரண்டு நிமிடம் முகத்தைக் காட்டிவிட்டுப் போவாய்.

அந்த நான்கு வருடம் உன்னை என்ன செய்தது என்று எனக்குத் தெரியும், ஒத்துக்கொள்ளத்தான் இவ்வளவு காலமாயிற்று. பெண் பார்க்க வந்த அன்று உன் மாமியார் கூடம் நிறைந்த ஒறம்பரைச் சொந்தபந்தத்துக்கு நடுவில், "ஹாஸ்டல்ல வளந்த புள்ளைன்னா வாய் எச்சா இருக்குமுங்களே" என்றபோது நான் தரையைப் பார்த்தேன். நீ காப்பித் தட்டை வைத்துவிட்டு, "வாயெல்லாம் அளவாத்தானுங்க அத்தை. கேட்டா பதில் சொல்லுவேன், கேக்காட்டி சோறு தின்பேன்" என்றாய். அவரே சிரித்துவிட்டார். தன் காரியத்தைத் தானே செய்துகொள்ளவும், கேலியை வாங்கிக்கொண்டு நிற்கவும், கூட்டத்தில் தலை நிமிர்ந்து பேசவும் அந்த இடம் உனக்குக் கற்றுக்கொடுத்தது. என் மடியில் இருந்திருந்தால் இது வந்திருக்காது. இதை நான் ராஜாமணியிடம்கூடச் சொன்னதில்லை.

ஆனால் இன்னொன்றும் இருக்கிறது. உன் முதல் கரு கலைந்ததை நீ எனக்கு மூன்று மாதம் கழித்துத்தான் சொன்னாய். அதுவும் மிளகாய் காயப்போட்ட பேச்சுக்கு நடுவில். ஏன் கண்ணு அப்போதே சொல்லவில்லை என்றதற்கு, "உங்களுக்கு எதுக்குங்மா வெசனம்னுதான்" என்றாய். உனக்கும் மாப்பிள்ளைக்கும் ஒரு வருடம் பேச்சில்லாமல் இருந்தது எனக்கு அடுத்தவர் வாயால் தெரிந்தது. நீ வேலையை விட்டது ஏன் என்று இன்றுவரை தெரியாது. ஹாஸ்டல் என் பிள்ளையை அழுத்தக்காரியாக்கிவிட்டது என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இப்போது உட்கார்ந்து யோசித்தால், நீ அங்கே போன முதல் மாதங்களில் எனக்கு எல்லாவற்றையும் எழுதினாய். யார் அழுதாள், யாருக்குக் காய்ச்சல், உப்புமா எப்படித் தீய்ந்தது என்று கடிதம் ஓரம் வரைக்கும் நிறைந்திருக்கும். அந்தக் கிருத்திகைக்குப் பிறகு வந்த கடிதங்களில் "நலம், நன்றாகப் படிக்கிறேன், கவலைப்பட வேண்டாம்" என்று மூன்று வரிதான். அம்மாவுக்கு வலிக்கிறதைச் சொல்லக் கூடாது என்று நீ கற்றது ஹாஸ்டலில் இல்லை. என்னிடம்.

அதனால்தான் அந்த டீச்சர் விஷயம் கேட்டதும் நான் போனை வைத்தேன். பாப்பாவை அனுப்பு. தாராளமாக அனுப்பு. அவள் தலையை அவளே பின்னட்டும், யாராவது கேலி செய்தால் அழுதுவிட்டு வந்து சாப்பிடட்டும். ஆனால் அந்த டீச்சருக்கு இன்றைக்கே போன் செய்து வேண்டாம் என்று சொல்லிவிடு. அவளுக்குத் தெரியாது என்கிறாய். உன் பிள்ளைக்கு ஒரே வாரத்தில் தெரிந்துவிடும். தெரிந்த பிறகு உன்னிடம் சண்டைக்கு வந்தால் நீ பிழைத்தாய். வரமாட்டாள். உனக்குச் சங்கட்டமாக இருக்கும் என்று விட்டுவிடுவாள். அன்றிலிருந்து அவள் நன்றாக இருக்கிறாள் என்று மட்டும்தான் உனக்குத் தெரியும். அந்த "நன்றாக இருக்கிறேன்" என்னை இத்தனை வருடம் என்ன பாடுபடுத்தியது என்று எனக்குத்தான் தெரியும். மாதம் ஒருமுறை நான் தலைச்சோலையிலிருந்து போய்ப் பார்த்துக்கொள்கிறேன். ஆனால் என்னிடமும் சேதி கேட்காதே. கேட்டால் நான் ஒன்றுக்கு மூன்றாகச் சொல்லிவிடுவேன். என் குணம் உனக்குத் தெரியும்.

அரிசி மாவு வைத்ததற்கு அந்த ஞாயிற்றுக்கிழமை நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். மன்னித்துவிட்டேன் என்று எழுதாதே, நான் நம்ப மாட்டேன். அதற்குப் பதிலாக, எனக்கு வலிக்கும் என்று நீ இத்தனை காலம் சொல்லாமல் வைத்திருப்பதில் ஒன்றை, சிறியதாக இருந்தாலும் போதும், அப்படியே எழுது. அம்மாவுக்கு வயதாகிவிட்டது, தாங்குவாளா என்று சந்தேகப்படாதே. நம் குடும்பத்தில் சந்தேகப்படுகிற வேலையை நான் ஒருத்தி பார்த்தது போதும்.

உன் அம்மா